ஒரு காருக்கு எவ்வளவு நிலம்? உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்ததும் போனதும்

சென்னையில் ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது ‘டிரைவ்-இன்’ என்று சொல்லிப் பாருங்கள். காருக்கு முன்னால் காபிதான் அவர் நினைவுக்கு வரும். அவரைவிட இளையவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் உட்கார்ந்தே படம் பார்த்த பிரார்த்தனா தியேட்டர் ஞாபகம் வரலாம். அது வேறு கதை. நாம் பேசப்போவது கதீட்ரல் சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், 1962இல் தொடங்கி 2008இல் மூடப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலைப் பற்றி. இந்தியாவின் முதல் டிரைவ்-இன் உணவகம் என்று அதைச் சொல்வதுண்டு.

அந்த இடத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஏக்கம்தான். மரநிழல், பட்டூரா, கல்லூரிக் காலம், பெண் பார்த்தது, கதை சொன்னது. ஏக்கப்படுவதில் தப்பில்லை. ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அது கேட்க விடுவதில்லை. நகரத்தின் நட்டநடுவில், சுமார் 18 ஏக்கர் தோப்புக்குள், ஒரு காபிக்கான காசை வாங்கிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார விடுகிற வியாபாரம் எப்படிக் கட்டுபடியானது? 46 வருஷம் கட்டுபடியான ஒன்று திடீரென்று ஏன் நின்றது? சமையலறைப் பக்கம் இதற்கு விடை கிடைக்காது. பட்டாவைப் பார்க்க வேண்டும்.

முதலில் இந்த யோசனை பிறந்த ஊருக்குப் போய்விட்டு வரலாம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், டல்லாஸிலிருந்து ஃபோர்ட் வொர்த் போகிற நெடுஞ்சாலை. 1921இல் ஜெஸ்ஸி கிர்பி என்ற புகையிலை, மிட்டாய் மொத்த வியாபாரி, ரூபன் ஜாக்சன் என்ற டாக்டரைப் பணம் போட வைத்து ‘பிக் ஸ்டாண்ட்’ என்று ஒரு கடை திறந்தார். பன்றி இறைச்சி சாண்ட்விச்தான் அங்கே விசேஷம். கார் ஓரங்கட்டி நிற்பதற்குள் பையன்கள் ஓடிவந்து அதன் பக்கவாட்டு மிதிபலகையில் தொற்றிக்கொண்டு ஆர்டர் எடுப்பார்கள். காரைவிட்டு இறங்க வேண்டாம், கோட்டு போட வேண்டாம், மேஜை நாகரிகம் வேண்டாம். இருபது வருஷத்துக்குள் இந்த வகைக் கடைகள் அமெரிக்கா முழுக்கப் பரவின. பையன்கள் இருந்த இடத்துக்குச் சீருடை போட்ட பெண்கள் வந்தார்கள். சில கடைகளில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு தட்டேந்தி வந்தார்கள்.

அந்த ஊரில் இதைச் சாத்தியமாக்கியவை இரண்டு. ஒன்று, ஃபோர்டு கம்பெனியின் மலிவு விலை கார். இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ஊருக்கு வெளியே சாலையோரம் சல்லிசாகக் கிடைத்த நிலம். நகரத்துக்குள் வாடகை கொடுத்துக் கடை போடுகிறவன் இருபது காரை நிறுத்த இடம் தர முடியாது. வெளியே தர முடிந்தது.

அங்கேயே அந்த முறைக்கு முதல் பெரிய அடி விழுந்ததும் உள்ளிருந்துதான். கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவர் 1940இல் இதே மாதிரியான ஒரு டிரைவ்-இன் நடத்தத் தொடங்கினார்கள். கூட்டம் அலைமோதியது, லாபமும் நன்றாகவே வந்தது. ஆனால் அவர்களுக்குத் தலைவலியும் இருந்தது. இளவட்டங்கள் ஒரு கோலாவை வாங்கிவைத்துக்கொண்டு காரைக் கிளப்புவதே இல்லை. தட்டும் கரண்டியும் உடைந்தன, காணாமல் போயின. பரிமாறும் பெண்கள் சம்பளம் கூடக் கொடுக்கிற கடைக்குத் தாவினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் விற்பனையின் பெரும்பகுதி ஹாம்பர்கரிலிருந்தே வந்தது. 1948இல் சில மாதம் கடையை மூடி, பரிமாறுவோரை நிறுத்தி, தட்டுகளுக்குப் பதில் காகிதம் வைத்து, பதார்த்தங்களை ஒரு கையளவுக்குக் குறைத்து, ஜன்னலில் வந்து வாங்கிப் போகும் கடையாகத் திறந்தார்கள். ஹாம்பர்கர் 15 சென்ட். உலகம் முழுக்கப் பின்னால் பரவியது இந்த இரண்டாவது கடைதான். 1961இல், அவர்களுடைய பெயரில் கிளைகள் திறக்கும் உரிமையை விற்றுவந்த ரே கிராக் அதை அவர்களிடமிருந்து 27 லட்சம் டாலருக்கு முழுதாக வாங்கிக்கொண்டார்.

ஆக, சென்னைக்கு டிரைவ்-இன் வந்து சேர்ந்தபோது, பிறந்த ஊரில் அதன் நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது. எந்தப் பழக்கம் பொறுக்காமல் மெக்டொனால்ட் சகோதரர்கள் அதைக் கைவிட்டார்களோ, அதாவது வாங்குவது கொஞ்சமும் உட்காருவது அதிகமுமாக இருக்கும் வாடிக்கையாளர், அவரை நம்பித்தான் சென்னைக் கடை அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது.

உடுப்பியிலிருந்து வந்தவர்

உட்லண்ட்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் கே. கிருஷ்ண ராவ். தென் கன்னட மாவட்டம், உடுப்பிப் பக்கத்துக் கடந்தலே கிராமத்துக்காரர். 1920களில் சென்னைக்கு வந்த எத்தனையோ உடுப்பிப் பையன்களில் ஒருவர். அந்தத் தலைமுறைக்கு ஓட்டல்தான் பள்ளிக்கூடம். மாவாட்டுவது, பாத்திரம் துலக்குவது, சமையல்கட்டு, பரிமாறல், கடைசியில் கல்லாப்பெட்டி என்று படிப்படியாக ஏறுவார்கள். ஜார்ஜ் டவுனில் ஆச்சாரப்பன் தெருவில் ஒரு சிறு ஓட்டல், பிறகு மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் என்று ராவ் வளர்ந்தார். மசாலா தோசையை மைசூர்ப் பாணியில் சென்னைக்குப் பழக்கியவர் அவர்தான் என்ற பெயரும் உண்டு. உணவுச் சரித்திரத்தில் இந்த ‘முதலில் செய்தவர்’ பட்டங்களை நான் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் பார்ப்பேன். ஆனால் தோசைக்குள் உருளைக்கிழங்கை வைத்து மத்தியதர வர்க்கத்தை மவுண்ட் ரோட்டுக்கு வரவழைத்ததில் உடுப்பி ஓட்டல்களுக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது.

1938இல் அவர் எடுத்த அடிதான் மற்ற உடுப்பி ஓட்டல்காரர்களிடமிருந்து அவரைப் பிரித்தது. ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ஒரு தோட்ட பங்களா. பெயர் உட்லண்ட்ஸ். அதைக் குத்தகைக்கு எடுத்து, தங்கும் அறைகளோடு சைவ ஓட்டலாக்கினார். பங்களாவின் பெயரே கடைக்கும் பெயரானது. டிபனுக்கு வந்தவன் பத்து நிமிஷத்தில் எழுந்து போக வேண்டும் என்பது உடுப்பி ஓட்டலின் அடிப்படை விதி. இடத்தைத் திருப்பித் திருப்பி விற்பதில்தான் அதன் லாபம் இருந்தது. ராயப்பேட்டையில் அவர் விற்றது வேறொன்று: சுற்றிலும் மரம், நடுவில் வீடு, நிதானமாக உட்காரும் வசதி. 1952இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் வந்தபோதும் அந்தத் தோட்டச் சூழல் கூடவே வந்தது.

அதற்குப் பத்து வருஷம் கழித்து வந்த டிரைவ்-இன்னை அமெரிக்க மோகம் என்று மட்டும் சொல்லிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கார் வருகிறது, தட்டு வருகிறது என்பதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம். தோட்டத்துக்குள் உட்கார வைத்து உடுப்பிச் சாப்பாடு போடுவது ராவ் 24 வருஷமாகச் செய்துவந்த வேலை.

1962இல் அந்த மூலை

கதீட்ரல் சாலையும் மவுண்ட் ரோடும் சேரும் இடத்தில் அப்போது மேம்பாலம் கிடையாது. அது 1973இல் வந்தது. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இருந்ததால் அந்த வட்டாரமே ஜெமினி. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி 1960இல்தான் கதீட்ரல் சாலைக்கு இடம் மாறியிருந்தது. சாலையின் மறுமுனையில் மியூசிக் அகாடமியின் பெரிய அரங்கம் அதே 1962இல் திறக்கப்பட்டது. 1964இல் பக்கத்திலேயே சஃபையர் தியேட்டர் வந்தது. அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடம் 1969இல் வந்தது. கல்லூரி, கச்சேரி, சினிமா, ஸ்டூடியோ எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்க, நடுவில் ஒரு தோப்பு. இப்படி ஒரு இடம் அமைவது ஓட்டல்காரருக்கு லாட்டரிதான்.

கார்? 1961 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். ஓடியவை அம்பாசிடர், ஃபியட், அதோடு சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் தயாராகி 1961இல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். கார் வைத்திருந்தவர்கள் டாக்டர், வக்கீல், பெரிய கம்பெனி அதிகாரி, சினிமாக்காரர், மில் முதலாளி. இவர்களை மட்டும் நம்பி ஒரு ஓட்டலை வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது. இது கிருஷ்ண ராவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. காரில் வருவோருக்கு மரத்தடி, மற்றவர்களுக்கு உள்ளே மேஜையும் சுயசேவை ஹாலும் என்று கடை அமைந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து ஓட்டல் பழக்கத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது. குடும்பப் பெண்கள் ஓட்டல் ஹாலில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவதை வீட்டுப் பெரியவர்கள் விரும்பவில்லை. அதனால்தான் தடுப்பு வைத்த ‘ஃபேமிலி ரூம்’ ஓட்டலுக்கு ஓட்டல் இருந்தது. காற்றோட்டம் இருக்காது, மின்விசிறி சத்தம் போடும், வெயிட்டர் எட்டிப் பார்க்க நேரமாகும். சொந்தக் காரே ஃபேமிலி ரூமாக மாறினால் யாருக்கு வேண்டாம்? பாட்டி முன் சீட்டில் இருந்தபடி காபி குடிக்கலாம், மாமி பின் சீட்டில் பட்டூராவைப் பிய்க்கலாம், ஆசாரத்துக்கும் பங்கமில்லை. அமெரிக்காவில் வீட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பித்து ஓடும் இளைஞர்களுக்கு டிரைவ்-இன் உதவியது. இங்கே வீட்டையே சக்கரத்தில் ஏற்றி வெளியே கூட்டிப்போக உதவியது.

ஓட்டல் என்பது அன்றைய சென்னையில் அரசியல் விவகாரமும்கூட. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திராவிடர் கழகத்தினர் பெரியார் தலைமையில் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. அதற்கு ஐந்து வருஷம் கழித்து, ஒவ்வொருவரும் தன் தன் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும் ஓட்டல் ஒன்று திறந்திருப்பதை வெறும் நவீனம் என்று எடுத்துக்கொள்வதா, பழைய தயக்கத்துக்குப் புதுச் சட்டை என்று எடுத்துக்கொள்வதா? இரண்டுமாகவும் இருந்திருக்கும். கார் இல்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்தத் தயக்கத்தைத் தட்டிவிட்டார்கள் என்பதுதான் பிறகு நடந்தது.

மதுவிலக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1948இலிருந்து மாகாணம் முழுக்க அமலில் இருந்த மதுவிலக்கு 1971 வரை நீடித்தது. பர்மிட் வைத்திருந்தவர்களையும் கள்ளத்தனமாகக் குடித்தவர்களையும் விட்டுவிட்டால், சாயங்காலம் நாலு பேர் சந்தித்துப் பேச ஊரில் இருந்த ஒரே பானம் காபி. டிரைவ்-இன்னின் முதல் ஒன்பது வருஷமும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. ஒரு பழக்கம் வேர்பிடிக்க அது போதும்.

தட்டு நிற்கும் விதம்

காரில் தட்டை மாட்டும் வேலை சின்னதுதான், ஆனால் யோசித்துச் செய்தது. முதலில் ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கக் கூடாது. கைப்பிடியைச் சுற்றி, ஒரு சாண் அளவு மேலே நிற்க விட வேண்டும். தட்டின் ஒரு பக்கத்தில் இருக்கும் கொக்கி அந்தக் கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து நீளும் ஒரு கால் கதவின் வெளிப்புறத்தில் முட்டுக் கொடுத்து நிற்கும். பெயின்ட் கீறாமலிருக்க நுனியில் ரப்பர். எடை கூடக் கூடத் தட்டு கதவோடு இன்னும் இறுக்கமாகச் சாயும், அதனால் பாரமான தட்டு காலித் தட்டைவிடத் திடமாக நிற்கும். சாம்பாரில் மிதக்கும் வடையும் டபராவும் தம்ளரும் தாங்குகிற அளவுக்கு நிற்கும். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்த பையன் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் போச்சு. பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்தவர் பாடும் திண்டாட்டம்தான். அவருக்குத் தட்டு எட்டாது, கை மாற்றிக் கை மாற்றித்தான் எல்லாம் வர வேண்டும்.

ஹாம்பர்கருக்காகப் பிறந்த தட்டு இது. ஒரு கையில் பிடித்துக் கடிக்கிற சாப்பாட்டுக்குத்தான் காரில் சாப்பிடுவது சௌகரியம். நம் டிபனோ ஈரம். சட்னி, சாம்பார், நுரை பொங்கும் காபி. சாப்பிட்டு முடித்தால் கை கழுவ இறங்கியே ஆக வேண்டும். இறங்கினால் நாலு தெரிந்த முகம். அப்படியே மரத்தடியில் நின்றோ, உள்ளே ஹாலில் உட்கார்ந்தோ பேச்சு. கையால் சாப்பிடுகிற ஊரில் டிரைவ்-இன் சீக்கிரமே இறங்கி உட்காரும் இடமாக ஆனதற்கு இந்தச் சாம்பாருக்கும் பங்கு இருக்கிறது என்பது என் கட்சி. மரத்தடியில் நிறுத்திய காருக்குக் காக்கை வைக்கும் பொட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1970களிலும் 80களிலும் அங்கே போனவர்களில் கார்க்காரர்கள் ஒரு பகுதிதான். ஸ்கூட்டரிலும் பல்லவன் பஸ்ஸிலும் நடந்தும் வந்தவர்கள்தான் கூட்டம். மெடிக்கல் ரெப்புகளுக்கு அது ஆபீஸ். கறுப்புத் தோல் பையை நாற்காலிக் காலருகே வைத்துவிட்டு, டாக்டர்களின் நேரம் வரும்வரை அன்றைய ரிப்போர்ட்டை எழுதி முடிப்பார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகள், ஆபீஸ் வாடகை கொடுக்க வசதியில்லாத சிறு வியாபாரிகள், தயாரிப்பாளருக்குக் கதை சொல்லக் காத்திருக்கும் உதவி இயக்குநர்கள் என்று மேஜைக்கு மேஜை ஒரு தொழில் நடந்தது. ‘டிரைவ்-இன்ல பார்த்துக்கலாம்’ என்றால் போதும். எந்த இடம், எந்த நேரம் என்று இரண்டாவது கேள்வி வராது. செல்போன் இல்லாத ஊரில் ஒருவரைத் தேடிப் பிடிக்க இப்படி ஒரு பொதுத் திண்ணை வேண்டியிருந்தது. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். மத்தியதர வர்க்கத்துக்குக் கார் கைக்கெட்டிய காலத்தில், ஊரின் மிகப் பழைய டிரைவ்-இன் காரில்லாதவர்களின் இடமாகப் பேர் வாங்கியிருந்தது.

கிரவுண்டுக் கணக்கு

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு தோராயமாக ஒரு கணக்குப் போடலாம்.

ஒரு காரை நிறுத்தி எடுக்க, வண்டி திரும்பும் பாதையையும் சேர்த்தால், ஏறக்குறைய 270 சதுர அடி வேண்டும். நான்கு பேர் சாப்பிடும் ஓட்டல் மேஜைக்கு, நடைபாதையோடு சேர்த்து, 50 அல்லது 60 சதுர அடி போதும். அதாவது ஒரு கார் நிற்கிற இடத்தில் ஐந்து மேஜை போடலாம். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற அளவில் சொன்னால், 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் ஒன்பது கார் நிற்கும்; அதே கிரவுண்டில் நாற்பது மேஜை. அதற்கு மேல் மாடி கட்டலாம், காருக்கு மேல் கட்ட முடியாது. வருகிற வண்டியில் நாலு பேர் இருப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. ஒருவர் மட்டும் வந்து ஒரு காபி சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரிக்கலாம். அவர் கொடுக்கும் காசு அந்த 270 சதுர அடிக்கு வாடகையாகுமா?

நிலத்தின் விலை மவுண்ட் ரோட்டு விலையாக இருந்தால் ஆகாது. அமெரிக்காவில் நகரம் விரிய விரிய, ஒருகாலத்தில் ஊருக்கு வெளியே இருந்த டிரைவ்-இன்கள் ஊருக்கு நடுவே மாட்டிக்கொண்டன. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கணக்குப் பார்த்துக் கடையை விற்றார்கள். இங்கே அது 46 வருஷம் நடக்காமல் தள்ளிப்போனதற்குக் காரணம், நிலம் சந்தைக்கே வராத நிலம் என்பதுதான்.

1835இல் தொடங்கிய சென்னை வேளாண்-தோட்டக்கலைச் சங்கத்தின் கைவசம் கதீட்ரல் சாலையின் இரண்டு பக்கமும் நிலம் இருந்தது. செடி, விதை, ஒட்டுக்கன்று, மலர்க் கண்காட்சி என்று கம்பெனி காலத்திலிருந்து நடந்துவந்த சங்கம் அது. நிலம் அரசினுடையது. அதில் ஒரு பகுதியைத்தான் உட்லண்ட்ஸ் குத்தகைக்கு எடுத்து ஓட்டல் நடத்தியது. 18 ஏக்கர் என்பது 320 கிரவுண்டுக்கு மேல். ஜெமினிக்குப் பக்கத்தில் அத்தனை கிரவுண்டை விலைக்கு வாங்கி இட்லி விற்க உலகத்தில் யாராலும் முடியாது. நூறு வயது மரங்களை ஓட்டல்காரர் நடவில்லை; அவை சங்கத்தின் தோட்டத்தோடு வந்தவை. ஒரு காபியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அந்த நேரத்தைத் தந்தது ஓட்டல் முதலாளியின் பெருந்தன்மை என்று சொன்னால் அது பாதி உண்மை. மறுபாதி, அரசு நிலம் அவருக்குத் தெரியாமலே கொடுத்துவந்த மானியம்.

மானியம் கொடுத்தவர் கையை எடுத்தபோது கடை நின்றது. நிலத்தைத் திரும்பப் பெற அரசு முனைந்தது, ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது, கடைசியில் 2008இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. கடைசி நாட்களில் வரிசையில் நின்று காபி குடித்தவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. சரவண பவன் போட்டியால் மூடவில்லை. பீட்சா, பர்கர் வந்ததால் மூடவில்லை. கூட்டம் குறைந்ததால் மூடவில்லை. உணவகம் ஒன்று பொதுவாக எந்தக் காரணங்களால் சாகுமோ அவை எதுவும் இங்கே கிடையாது. கிருஷ்ண ராவின் முதல் உட்லண்ட்ஸும் பிறத்தியார் பங்களாவில் குத்தகைக்கு நடந்ததுதான். சொந்த இடத்தில் நின்ற நியூ உட்லண்ட்ஸ் இன்றும் நிற்கிறது. இரண்டு விதிகளுக்கும் நடுவே ஒரு பத்திரம்தான் வித்தியாசம்.

அரசின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பொதுநிலம் ஒரு தனியார் வியாபாரத்துக்கு அரை நூற்றாண்டு கொடுக்கப்பட்டிருந்தால் எப்போதாவது கேள்வி வரத்தான் செய்யும். அந்த நிலத்தில் வணிக வளாகம் வந்திருந்தால் வயிறெரிந்திருக்கும். வரவில்லை. தாவரப் பூங்கா வந்தது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தது. அதே வருஷம் நவம்பர் 24ஆம் தேதி முதல்வர் கருணாநிதி செம்மொழிப் பூங்காவைத் திறந்துவைத்தார். சுமார் 8 கோடி ரூபாய் செலவு, 500க்கும் மேற்பட்ட செடிவகைகள். முக்கியமாக, பழைய மரங்களை வைத்துக்கொண்டே பூங்காவை அமைத்தார்கள். அண்மைய ஆண்டுகளில் மலர்க் கண்காட்சியும் அங்கே நடக்கிறது. தோட்டக்கலைச் சங்கத்தின் பழைய வேலை அரசுத் துறையின் கையால் அதே மண்ணில் தொடர்கிறது.

ஆனால் பூங்காவும் ஓட்டலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பூங்காவில் டிக்கெட் வாங்கி நுழைந்து, சுற்றிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறோம். மெடிக்கல் ரெப் தன் ரிப்போர்ட்டை எழுத அங்கே மேஜை கிடையாது. இரண்டு பேர் ஒரு பாகஸ்தர் ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கிறவரை மூன்றாவது காபி கொண்டுவர ஆளும் கிடையாது. நிழல் பொதுச்சொத்தாக மிஞ்சியது, நிழலில் நடந்த காரியங்கள் வேறு இடம் தேடிப் போயின. கொஞ்சம் காபி ஷாப்புகளுக்குப் போனது. அங்கே மேஜைக்கான வாடகை காபியின் விலையிலேயே இருக்கிறது. மீதி செல்போனுக்குள் போய்விட்டது.

எதிர்ச் சாரியிலும் அதே கதை இரண்டாம் முறை நடந்தது. அங்கே தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் மிச்சமிருந்த நிலத்தை 2023இல் அரசு மீட்டது. சுமார் 6 ஏக்கரில் அமைந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவை முதல்வர் மு.க. ஸ்டாலின் 2024 அக்டோபரில் திறந்தார். அந்தரத்தில் கம்பியில் தொங்கிப்போகும் சவாரி அங்கே பெரிய ஈர்ப்பு. சாலையின் இரு மருங்கும் இப்போது டிக்கெட் வாங்கி நுழையும் பூங்காதான்.

காரில் உட்கார்ந்து சாப்பிடும் ஆசை மட்டும் விட்டுப்போகவில்லை. பெங்களூரில் ஏர்லைன்ஸ் ஓட்டலின் மரத்தடியில் கார் நிறுத்திச் சாப்பிட்டவர்கள் அதை இன்னும் சிலாகிப்பார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கு தளர்ந்து, ஓட்டலுக்குள் உட்காரத் தடை இருந்த மாதங்களில், சென்னையில் சில சைவ ஓட்டல்கள் தங்கள் கார் நிறுத்தத்திலேயே காருக்குள் பரிமாறின. வாட்ஸ்அப்பில் பழைய டிரைவ்-இன் படங்கள் ஒரு சுற்று வந்தன. ஹால்கள் திறந்ததும் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு கார் நிற்கிற இடத்தில் அத்தனை காரும் சாப்பிட்டு முடிக்கிறவரை நின்றால், உள்ளே வந்து சாப்பிடுகிறவர் வண்டியை எங்கே விடுவார்?